இலவசம் என்பதைச் சொல்லாமல் விற்பது

"அக்கா, லாகின் போயிடுச்சு. திரும்ப வாங்கித் தர முடியுமா?"

எங்கள் மாலை நேரப் பயிற்சி மையத்துக்கு முன்பு படிக்க வந்துகொண்டிருந்த ஒரு தங்கை இப்படிக் கேட்டபோது எனக்கு முதலில் விஷயம் விளங்கவில்லை. பி.காம். முடித்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா நூறு நாள் வேலைக்கும் கழனி வேலைக்கும் போகிறவர். பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் "ஏ.ஐ. பிரீமியம் பயிற்சி" என்று 2,500 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறாள். அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனிலிருந்து கொடுத்த பணம். நான்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ், கூடவே "ஓராண்டு லாகின்". லாகின் என்று அவர்கள் கொடுத்தது ஒரு மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும். வகுப்பு முடிந்த சில நாட்களிலேயே பாஸ்வேர்டு மாறிவிட்டது. போய்க் கேட்டால் "ரினியூவல்" என்று இன்னொரு 500 கேட்கிறார்கள்.

அவள் போனை வாங்கி, அவளுடைய சொந்த ஜிமெயிலைக் கொண்டே சாட்ஜிபிடியைத் திறந்து கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எங்கேயும் காசு கேட்கவில்லை.

"இது ஃப்ரீயாக்கா?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பணம் போனதற்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது.

மையம் கொடுத்தது ஒரே கணக்கு. அந்த பேட்ச்சில் இருந்த இருபது பேருக்கும் அதே முகவரி, அதே பாஸ்வேர்டு. அப்படிப்பட்ட கணக்கில் யார் என்ன கேட்டாலும் அது பக்கவாட்டுப் பட்டியலில் சேர்ந்துகொண்டே போகும். உள்ளே வருகிற எவரும் திறந்து படிக்கலாம். மற்றவர்கள் கேட்டவற்றை இவளும் பார்த்திருக்கிறாள். மையத்துக்காரர்கள் போட்டுவைத்த மாதிரிகள் என்று நினைத்துக்கொண்டாளாம். இப்போது சொந்தக் கணக்கில் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்ததும்தான் உறைத்திருக்கிறது.

சென்னையில் வேலைக்கு அழைப்பு வந்து ரூம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு வீட்டில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது, பொய் சொன்னால் தப்பா, பிறகு தெரிந்தால் காலி பண்ணச் சொல்வார்களா என்றெல்லாம் ஒரு ராத்திரி முழுக்க அந்தக் கருவியிடம் கேட்டிருக்கிறாள். தன் சாதியின் பெயரை எழுதி. யாரிடமும் கேட்க முடியாததை மனிதர் அல்லாத ஒன்றிடம் கேட்கிறோம் என்ற நம்பிக்கையில்.

"அந்த கிளாஸ்ல நான் எந்த ஊருன்னு மட்டும்தான் சொல்லியிருந்தேன்க்கா. எந்தத் தெருன்னு சொல்லல."

இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள். மையத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இது ஒரு மையத்தின் கதை மட்டும் இல்லை. டவுனுக்கு டவுன் இப்போது இந்த வியாபாரம் நடக்கிறது. 99 ரூபாய் வெபினார் என்று உள்ளே இழுத்து, கடைசி பத்து நிமிடத்தில் நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் கோர்ஸைத் தலையில் கட்டுகிற விளம்பரங்கள் ஒருபக்கம். யூடியூபில் சும்மா கிடைக்கிற "ஆயிரம் பிராம்ப்ட்" பட்டியலை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் விற்கிறவர்கள் ஒருபக்கம். ஒரு சந்தா கட்டிவிட்டு அதை இருபது பேருக்குக் கூறு போட்டு விற்கிற லாகின் வியாபாரம் இன்னொரு பக்கம். (கணக்கைப் பிறரோடு பகிரக் கூடாது என்பது ஓபன்ஏஐ நிறுவனத்தின் விதிமுறையிலேயே இருக்கிறது. வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்ல எவருக்கும் அவசியம் இல்லை.)

சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அன்று முதல் அதற்கு ஓர் இலவச வடிவம் இருக்கிறது. 2025இல் நிலைமை இன்னும் மாறியது. ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டியின் புரோ சந்தாவை ஓராண்டு இலவசம் என்றது. அக்டோபர் இறுதியில் ஜியோ, அன்லிமிடெட் 5ஜி பிளான் வைத்திருப்பவர்களுக்கு கூகுளின் ஜெமினி புரோவை 18 மாதம் இலவசம் என்று அறிவித்தது. அதன் மதிப்பு 35,100 ரூபாய் என்று அவர்களே கணக்கும் சொன்னார்கள். நவம்பர் 4 முதல், மாதம் 399 ரூபாய் இருந்த சாட்ஜிபிடி கோ திட்டம், சலுகைக் காலத்தில் சேர்கிற இந்தியப் பயனர்களுக்கு ஓராண்டு இலவசமானது. வாட்ஸப்பைத் திறந்தால் மெட்டா ஏஐ தானாகவே வந்து நிற்கிறது. இத்தனையும் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிற காலத்தில்தான் என் தங்கை குழுக் கடனை எடுத்துக் கட்டியிருக்கிறாள்.

கம்பெனிகள் தர்மத்துக்குத் தருவதாக நான் சொல்லவில்லை. நம் பழக்கத்தையும் நம் பேச்சையும் பிடித்துவைக்கத்தான் தருகிறார்கள். இலவச ஆண்டு முடிந்ததும் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. 5ஜி போன் இல்லாத வீட்டுக்கு 5ஜி இலவசத்தால் என்ன பயன் என்பதும் தனிக் கேள்வி. இங்கே என் கேள்வி சிறியது: இலவசமாக இருக்கிற ஒன்றை, அது இலவசம் என்பதையே மறைத்து விற்கலாமா?

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். நூலகத்தில் புத்தகம் இலவசம், அதற்காக டியூஷன் வாத்தியாருக்குச் சம்பளம் தராமல் இருக்கிறோமா? சொல்லிக்கொடுப்பதற்குக் காசு வாங்கினால் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. உழைப்புக்குக் கூலி கேட்பதைக் கேள்வி கேட்கிற மரபில் வந்தவர்கள் இல்லை நாம். கூலி இல்லாமல் வேலை வாங்கப்பட்டவர்களின் பிள்ளைகள். குளத்துத் தண்ணீர் இலவசம், அதைச் சுமந்து வந்து ஊற்றுகிறவருக்குக் கூலி உண்டு. ஆனால் குளத்துக்கு வேலி போட்டு, "இந்தத் தண்ணீர் என்னிடம் மட்டும்தான் கிடைக்கும்" என்று குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன் கூலிக்காரன் இல்லை. என் தங்கையிடம் வாங்கிய 2,500 ரூபாயில் நான்கு ஞாயிறு வகுப்புக்கு எவ்வளவு, லாகினுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருந்தால், லாகினுக்கு ஒரு பைசாகூட அவள் தந்திருக்க மாட்டாள். வகுப்பில் சேர்ந்திருப்பாளா என்பதையும் அவளே முடிவு செய்திருப்பாள்.

இதைச் சரியாகச் செய்கிற இடங்களும் இருக்கின்றன. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் படிப்புகளைப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடங்கள் உட்பட வீடியோக்கள் எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். அந்தக் கட்டணத்திலும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குச் சலுகை உண்டு. எது இலவசம், எது கட்டணம் என்பது அவர்கள் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தச் சலுகை தெரியும் என்று விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் ஊர்க் கல்லூரிப் பேராசிரியர்களை.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்து முடித்திருக்கிறார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல் உரிமத்தின்படி, இலவச மென்பொருளின் பிரதியை நீங்கள் காசுக்கு விற்கலாம், தடையே இல்லை. ஆனால் உங்களுக்கு இருக்கிற அதே உரிமைகளை வாங்குகிறவருக்கும் தர வேண்டும். உரிமத்தையும் கூடவே தந்து, அந்த உரிமைகள் இருப்பதை அவருக்குத் தெரிய வைக்க வேண்டும். விற்பதில் சிக்கல் இல்லை, தெரியாமல் வைத்திருப்பதில்தான் சிக்கல் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

சாட்ஜிபிடி அந்த வகை மென்பொருள் இல்லைதான். அதன் மேல் ஓர் ஆப் கட்டுகிறவருக்குச் செலவும் உண்டு. நிறுவனத்திடம் ஏபிஐ வாங்கி இணைத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பணம் கட்ட வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளையும் அரசாணைகளையும் ஊட்டி, தமிழில் சரியான பதில் வருகிறதா என்று சோதித்து ஒருவர் ஆப் செய்தால், நானே சந்தா கட்டுவேன். வெறும் கதவைக் காட்டிவிட்டுக் காசு வாங்குகிற ஆப்கள் வேறு. 2023இல் சோபோஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட சில ஆப்களை அம்பலப்படுத்தியது. ஒன்றின் பெயர் "சாட் ஜிபிடி"யேதான், ஆங்கிலத்தில் 'பி' மட்டும் வேறு 'பி'. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது! அந்த ஆண்டு மே வரை ஓபன்ஏஐக்கு அதிகாரபூர்வ செல்போன் ஆப் கிடையாது. அந்த இடைவெளியில் கடை விரித்தார்கள்.

சரி, யார் காசு கட்டுகிறார்கள்?

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் அப்பா இருக்கிற வீட்டுப் பிள்ளை கட்டுவதில்லை. அவன் காதில் இது ஃப்ரீ என்பது சாப்பாட்டு நேரத்தில் விழுந்துவிடும். சித்தப்பா சொல்வார், கஸின் சொல்வான், அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் வரும். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியே இதைத்தான் சமூக மூலதனம், பண்பாட்டு மூலதனம் என்று பிரித்து எழுதினார். எம்.ஏ. தேர்வுக்காக அதை நான் மனப்பாடம் செய்தேன். புரிந்தது வேலைக்கு வந்த பிறகு. எங்கள் காலனியில் அந்தத் தகவல் வருவதற்கு ஒரே வழி விளம்பரம். விளம்பரம் போடுகிறவன் எதைச் சொல்லுவான், எதை விடுவான்? ஆகவே இந்த 2,500 ரூபாய் என்பது தொழில்நுட்பத்தின் விலை இல்லை. சொல்வதற்கு ஆள் இல்லாத வீட்டின் மீது போடப்படும் வரி.

தாலுகா ஆபீஸ் வாசலை நினைத்துப் பாருங்கள். உள்ளே இலவசமாகத் தர வேண்டிய படிவம், வெளியே ஜெராக்ஸ் கடையில் அஞ்சு ரூபாய், பத்து ரூபாய். உள்ளே போய்க் கேட்கும் தைரியம் இருப்பவனுக்கு இலவசம், வாசலிலேயே நிறுத்தப்படுகிறவனுக்குக் கட்டணம். மகாடில் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்பதற்கு 1923இல் பம்பாய் சட்டமன்றத் தீர்மானம் வழி செய்தது. 1924இல் மகாட் நகராட்சியும் திறந்ததாக அறிவித்தது. ஆனாலும் பாபாசாகேப் தன் மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 வரை ஆனது. அந்தப் போராட்டத்தை ஒரு செல்போன் ஆப்போடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காகிதத்தில் திறந்திருப்பதற்கும் கைக்கு எட்டுவதற்கும் நடுவில் எப்போதும் யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நடுவில் நிற்பவர் எப்போதும் ஆதிக்கச் சாதிக்காரர் என்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். லாகின் விற்கிற பையன்களில் நம் பையன்களும் இருக்கிறார்கள். வேலை கிடைக்காமல், கற்றுக்கொண்ட ஒரே விஷயத்தை விற்கிறார்கள். அவர்களிடம் என்னால் முழுக் கோபம் கொள்ள முடியவில்லை. ஆனால் அவர்கள் யாரிடம் விற்கிறார்கள்? தங்களை நம்புகிற சொந்தத் தெருப் பிள்ளைகளிடம்.

லாகினோடு முடிந்தால் பரவாயில்லை. மனு எழுதுவதில் இது உயிரோடு விளையாடுகிற விஷயமாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா ஒரு பிரவுசிங் சென்டரில் 300 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கிய புகார் மனுவோடு வந்தார். ரேஷன் கடை வரிசையில், பத்துப் பதினைந்து பேர் முன்னால், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். மனுவில் என்ன இருந்தது தெரியுமா? "மேற்கண்ட எதிர்மனுதாரர் என்னை மிகவும் தரக்குறைவான வார்த்தைகளால் பேசி, எனது சுயமரியாதைக்கு இழுக்கு ஏற்படுத்தி, கடும் மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்." பிழையில்லாத, அழகான தமிழ். கருவி எழுதியது என்று பார்த்ததும் தெரிந்தது. திட்டிய வார்த்தை இல்லை. இடம் இல்லை. கேட்டவர்கள் பெயர் இல்லை. அந்த அம்மாவின் சாதியும் இல்லை, திட்டியவரின் சாதியும் இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் நிற்பதற்கு, பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில் நடந்தது என்பது அவசியம். நான்கு சுவருக்குள் யாரும் இல்லாமல் நடந்தால் அது பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, ரேஷன் கடை வரிசை என்ற அந்த ஒரே வரிதான் இந்தப் புகாரின் உயிர். அதை "தரக்குறைவான வார்த்தைகள்" விழுங்கிவிட்டது. இந்த மனுவைக் கொண்டுபோனால் ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் போட்டு அனுப்புவார்கள். மிஞ்சிப் போனால் சாதாரண ஆபாசத் திட்டு என்று ஒரு பிரிவு.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களும் காசு வாங்குகிறார்கள். ஐம்பதோ நூறோ. ஆனால் அவர்கள் கேட்பார்கள்: "எங்கம்மா நடந்துச்சு? யார் யார் இருந்தாங்க? என்ன சொன்னான், அப்படியே சொல்லு." அந்தக் கேள்விகளுக்குத்தான் கூலி. பிரவுசிங் சென்டர்காரர் கேள்வியை விட்டுவிட்டு, இலவசமாக வந்த பதிலை மட்டும் 300 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்.

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போன வருடம் ஒரு குடும்பத்துக்காகத் தேசிய ஆணையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு தேவைப்பட்டது. நேரமில்லை. அவர்கள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தை அந்தக் கருவியிடம் எழுத வைத்தேன். வரிக்கு வரி சரிபார்த்தேன், இரண்டு இடத்தில் அது சேர்த்திருந்த பொய்யை எடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் காகிதத்தைக் கையில் வாங்கி, "எம் பொண்ணு மாதிரி இங்கிலீஷ்ல எழுதிட்டியேம்மா" என்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கருவி எழுதியது, இலவசம்தான், உங்கள் பேரனுக்கும் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காசு வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அன்று எனக்குக் கிடைத்த மரியாதையின் ஒரு பங்கு, அவருக்குத் தெரியாததிலிருந்து வந்தது. என் பை நிரம்பவில்லை என்பதால் அது வேறு கணக்கு ஆகிவிடுமா?

அதற்குப் பிறகு எங்கள் பயிற்சி மையத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எந்தெந்தக் கருவி இலவசம், எதில் கேட்டால் என்ன கிடைக்கும், ஆதார் எண், சாதிச் சான்றிதழ், புகார்தாரர் பெயர் எதையும் அதில் போடக் கூடாது, சட்டப் பிரிவு எண்ணை அது சொன்னால் நம்பாமல் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பயிற்சி நாளன்று சாப்பாட்டுக்கு 50 ரூபாய் வாங்குகிறோம். 50 ரூபாய் சாப்பாட்டுக்கு என்றே எழுதியிருக்கிறது. கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் இதே போல ஒரு பலகை வைக்க வேண்டும் என்று கல்வித் துறையை நாம் கேட்க வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(28) பிரிவு, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. இலவசக் கருவியைத் "தங்களிடம் மட்டும் கிடைக்கும் பிரீமியம்" என்று போஸ்டர் அடிப்பது அதற்குள் வரும் என்பது என் வாசிப்பு. வழக்கறிஞர் தோழர்கள் தவறென்றால் திருத்துங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது. இதுவும் இலவசம்தான், இதையும் யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

தங்கை அந்த மையத்துக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டாள். "சொல்லிக்கொடுத்ததுக்குத்தாம்மா காசு, லாகின் சும்மா கொடுத்தது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்கில் அவள் எழுதியதை அழிக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பணம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அதையாவது அழிக்கச் சொல்லுங்கள் என்கிறாள். புகார் எழுதலாம் என்று உட்கார்ந்தோம். பணம் கட்டியதற்கு ரசீது கொடுத்தார்களா என்று கேட்டேன். ஜிபேயில் அம்மா நம்பரிலிருந்து போட்டதாக ஞாபகம் என்றாள். அம்மா கழனியிலிருந்து வந்ததும் போனைப் பார்த்துச் சொல்வதாகப் போயிருக்கிறாள்.